ராத்திரி ஆனா குரைக்கும் செல்லம்... நிம்மதியா தூங்கவைப்பது எப்படி?

பகலெல்லாம் சோபாவுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் நாய், வீட்டில் விளக்கை அணைத்ததும் குரைக்க ஆரம்பிக்கிறதா? முதல் நாள் நம் தூக்கம் கெடும். ஒரு வாரம் போனால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் மாறும். ஒரு மாதம் தாண்டினால், ‘யாருக்காவது கொடுத்துடலாமா?’ என்ற பேச்சு வீட்டுக்குள்ளேயே எழும். ஆசையாக வாங்கிய நாய் வீட்டை இழப்பது இப்படித்தான். அந்த முடிவுக்குப் போகும் முன், காரணத்தைத் தேடுங்கள்.

எப்போ, எங்கே பார்த்துக் குரைக்குது?

மூன்று நாள்களுக்கு நேரத்தை மொபைலில் குறித்துவையுங்கள். தினமும் ஒரே நேரம் என்றால் பால் வண்டியோ, பேப்பர் போடுபவரோ காரணமாக இருக்கலாம். ஜன்னலைப் பார்த்துக் குரைத்தால் வெளியே ஏதோ சத்தம். உங்களுக்கும் வாசலுக்குமாக நடந்தால் சிறுநீர் அவசரம். எதையும் பார்க்காமல் நீளமாக ஊளையிட்டால் தனிமை.

‘ஒண்ணுமே இல்லாததுக்குக் குரைக்குது’ என்று நினைக்க வேண்டாம். நம் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கேட்கும். நாய்க்கு ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பரணில் ஓடும் எலி எழுப்பும் ஒலிகளில் நமக்குக் கேட்காதவையும் அதற்குக் கேட்கும்.

படுக்கை எங்கே?

மொட்டை மாடியிலோ, கேட் பக்கமோ கட்டிப்போட்டால், தெரு நாய் ஒவ்வொன்றுக்கும் அது பதில் சொல்லும். ராஜபாளையம், கோம்பை போன்ற நாட்டு நாய்கள் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. அவற்றுக்கு அது பிறவிக்குணம். இரவில் உள்ளே படுக்கவிடுங்கள். ஜன்னலுக்குத் திரை போடுங்கள். ஃபேன் சத்தமே வெளிச்சத்தத்தைக் கொஞ்சம் மறைக்கும். கோடையில் குளிர்ச்சியான தரையும் பக்கத்தில் தண்ணீரும் இருக்கட்டும்.

மாலையிலேயே ஆரம்பிங்க

பகல் முழுக்கத் தனியாகத் தூங்கிய நாய்க்கு ராத்திரிதான் விடியும். மாலையில் அரை மணி நேரமாவது நடக்கவிடுங்கள். அவசரமாக இழுத்துக்கொண்டு போகாமல், அதன் இஷ்டத்துக்கு மோப்பம் பிடிக்கவிட்டால் மூளையும் களைக்கும். இரவுச் சாப்பாட்டைப் படுக்க இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கடைசியாக ஒருமுறை வெளியே அழைத்துப்போய்விட்டுப் படுக்கவையுங்கள். தினமும் ஒரே நேரம் என்பது முக்கியம்.

குட்டியா இருந்தா?

நேற்றுவரை தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிப் படுத்திருந்த குட்டி, இன்று தனி அறையில் கிடந்தால் அழத்தான் செய்யும். முதல் சில நாள்கள் உங்கள் கட்டில் அருகிலேயே படுக்கை போடுங்கள். பழகியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவையுங்கள். இரண்டு மாதக் குட்டியால் விடியும்வரை சிறுநீரை அடக்க முடியாது. நடுவில் எழுப்பி வெளியே விடுங்கள். ஆனால் விளையாட்டு, கொஞ்சல் வேண்டாம். போனோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும்.

இதெல்லாம் வேண்டாம்!

‘ஏய், சும்மா இரு!’ என்று நாம் கத்தினால், நாமும் சேர்ந்து குரைப்பதாகவே அது எடுத்துக்கொள்ளலாம். பிஸ்கட் கொடுத்தால், குரைத்தால் பிஸ்கட் வரும் என்று கற்றுக்கொள்ளும். அப்பா அதட்ட, பாட்டி ரஸ்க் நீட்ட என்று ஆளுக்கொன்று செய்தால் நாய் குழம்பிப்போகும். அது அமைதியாகிற அந்த நொடியில் மெல்லப் பாராட்டுங்கள்.

அடிப்பதும், வாயைக் கட்டிவைப்பதும் பயத்தைத்தான் கூட்டும். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் அலட்சியம் செய்வது, 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

டாக்டரை எப்போ பார்க்கணும்?

இதுவரை நன்றாகத் தூங்கிய நாய் திடீரென இரவில் குரைத்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணிக்கடி, காதில் புண், மூட்டுவலி என எதுவும் காரணமாக இருக்கலாம். வயதான நாய்களுக்கு மனிதர்களைப் போலவே மறதி நோய் வரும். இரவு, பகல் குழம்பி, சுவரைப் பார்த்துக் குரைப்பவையும் உண்டு. அவற்றுக்குச் சிறிய நைட் லேம்ப் உதவும். நமக்குக் கொடுக்கும் தூக்க மாத்திரை, சளி சிரப் எதையும் நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

பக்கத்து வீட்டில் பேசுங்க

குரைப்பது நாயின் இயல்பு, அதற்காக நாய் வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்கின்றன இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள். அதேசமயம், இரவில் நாயை அமைதியாக வைத்திருக்க வளர்ப்பவர் முயற்சி செய்ய வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. எனவே புகார் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே போய், ‘பழக்கிட்டிருக்கோம், கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க’ என்று சொல்லிவிடுங்கள். எதிர்வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ, கைக்குழந்தையோ இருந்தால் இந்த ஒரு வார்த்தை பெரிய சண்டையைத் தவிர்க்கும். நாயைப் பழக்க உங்களுக்கும் அவகாசம் கிடைக்கும்.