33 ஊருக்கு ஒரு ஆபீசர்

எங்க பள்ளிப்பட்டு ஒன்றியத்தப் பத்திப் பேச போலந்துலேர்ந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கோங்க மக்களே :-)

அந்த நாட்டு உள்ளாட்சியில அடிமட்ட அமைப்புக்குப் பேரு கிமினா. கிராமப்புற கிமினாங்கறது பல கிராமங்கள் சேர்ந்தது, கிட்டத்தட்ட நம்ம ஊராட்சி ஒன்றியம். சில கிமினாவுக்குப் பக்கத்து டவுனோட பேர் இருக்கும், ஆனா அந்த டவுன் அதுல சேராது. நம்ம கதையும் அதேதான். பள்ளிப்பட்டு ஒன்றியத்துல 33 ஊராட்சி உண்டு, பள்ளிப்பட்டு கிடையாது. அது தனிப் பேரூராட்சி!

ஒற்றுமை இதோட முடிஞ்சுது. அங்க கிமினா தலைவருக்கு 2002-லேர்ந்து மக்களே நேரடியா ஓட்டுப் போடறாங்க. கிராமத்துக்கு ஒரு ஊர்த்தலைவர், அவரையும் ஊர்க்காரங்களே தேர்ந்தெடுப்பாங்க. 2009-லேர்ந்து, கிமினா மன்றம் சம்மதிச்சா ஒவ்வொரு கிராமத்துக்கும் தனியா ஒரு தொகை ஒதுக்கலாம். அத எதுக்கு செலவு பண்றதுன்னு ஊர்க்கூட்டம்தான் முடிவு பண்ணும்.

இங்க சட்டம் ஒண்ணும் சளைச்சதில்ல. 1993-ல அமலுக்கு வந்த 73-வது திருத்தம், வருஷத்துக்கு 6 கிராம சபை, பெண்களுக்கு 50 சதவீதம் இடம்னு எல்லாமே இருக்கு. தேர்தல்தான் இருக்க மாட்டேங்குது. 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சுது, ஓட்டுப் போட்டது 2019 டிசம்பர்ல. நடுவுல மூணு வருஷம் தனி அலுவலர். அப்ப ஜெயிச்சவங்க காலம் 2025 ஜனவரி 5-ல முடிஞ்சுது. தேர்தல் நடத்தாம திரும்பவும் தனி அலுவலர் கையில குடுத்தாங்க. கிராம ஊராட்சிக்கெல்லாம் பிடிஓ. 33 ஊருக்கும் அவரே.

"தலைவருங்க அடிக்கிற கமிஷனாவது மிச்சமாகும்"னு சிலர் சொல்றாங்க. சரி, தப்பு பண்ற தலைவரை அஞ்சு வருஷத்துல வீட்டுக்கு அனுப்பலாம். ஆபீசரை யார் அனுப்பறது? இன்னொண்ணும் இருக்கு. தேர்தல் இல்லேன்னா ரிசர்வேஷன்ல வர்ற பெண்களும் தலித்துகளும் உட்கார வேண்டிய நாற்காலியும் சேர்ந்தே காணாமப் போகுது.

கொசஸ்தலை ஆத்தையே எடுத்துக்கோங்க. ஆந்திராவுல கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தா நெடியம், சொரக்காய்பேட்டை தரைப்பாலத்து மேல தண்ணி ஓடும். ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க பள்ளிப்பட்டு வரணும்னா ஊரைச் சுத்தணும். ஊராட்சித் தலைவரால மேம்பாலம் கட்ட முடியாது, ஒத்துக்கறேன். ஆனா ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினா எழுந்து வந்து கலெக்டர் ஆபீசுக்கு போன் போட ஒரு ஆள் ஊர்லயே இருப்பார். அடுத்த தடவை ஓட்டு வேணும்ல!

போலந்து ஒண்ணும் சொர்க்கம் இல்ல. 2023-ல நடத்த வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை அவங்களும் 2024 ஏப்ரலுக்குத் தள்ளினாங்க. ஆனா அதுவரைக்கும் ஜெயிச்சவங்களே பதவியில இருந்தாங்க, ஆபீசரைக் கொண்டுவந்து உட்கார வைக்கல. நம்ம அரசியல் சட்டம் அஞ்சு வருஷத்துக்கு மேல நீட்டிக்க விடாது. ஆனா அந்த அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள தேர்தலை நடத்தி முடிக்கணும்னும் அதே சட்டம்தான் சொல்லுது. ஒண்ணை மட்டும் படிச்சிட்டு இன்னொண்ணை விட்டுட்டா எப்படி?

நான் கேக்கறது ரெண்டே ரெண்டு. தேதி தவறாம தேர்தல். கிராம சபை தானே முடிவு பண்ணி செலவழிக்க, சின்னதா இருந்தாலும் சரி, ஒரு தொகை. 1960-ல சித்தூர் மாவட்டத்துலேர்ந்து பிரிச்சு எங்க பகுதியைத் தமிழ்நாட்டோட சேர்த்தாங்க. கோடு போட்டதெல்லாம் மேல இருக்கறவங்க. தெருவிளக்கு எங்க போடணுங்கறதையாவது ஊர்க்காரன் முடிவு பண்ணட்டுமே.

உங்க ஊர் நிலவரம் என்ன? சொல்லிட்டுப் போங்க.