கல்யாண வீடியோவை எங்கே வைப்பது?

நம் சங்க அன்பர்கள் பலர் வீட்டுக் கல்யாணத்தை நான் படம் பிடித்திருக்கிறேன். சயானில் என் ஸ்டுடியோவைத் தொடங்கியது 1994-இல். அன்று தோளில் சுமந்த வி.எச்.எஸ். காமிராவின் வலி வலது தோளில் இன்னும் இருக்கிறது. இப்போது தொழிலை மகன் பார்க்கிறான். எனக்கு ஓரத்தில் ஒரு நாற்காலியும், கேட்காத யோசனை சொல்லும் உரிமையும் உண்டு.

போன மாதம் அந்த உரிமையைப் பயன்படுத்தினேன். "அப்பா, டிராயர் பூரா ஹார்ட் டிஸ்க்கா குவிஞ்சு கிடக்கு. எட்டு டிஸ்க் போடற நாஸ் பெட்டி ஒண்ணு வாங்கிடலாம்" என்றான். ஒரே பெட்டிக்குள் பல டிஸ்க்குகளை வைத்து, கடையிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் கேபிள் வழியாகப் பொதுவாகக் கொடுக்கும் சாதனம்தான் நாஸ். அது தேவைதான். 4கே படம் நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவானால் மணிக்கு 45 ஜி.பி. ஆகிறது. மூன்று காமிரா, ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரு முகூர்த்தத்துக்கு 675 ஜி.பி. ஆவணியும் தையும் வந்தால் டிராயர் எம்மாத்திரம்?

ஆனால் அவன் அடுத்துச் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. "ஒரு டிஸ்க் போனாலும் கவலையில்லப்பா, ரெய்ட் இருக்கு."

ரெய்ட் என்றால் வருமான வரிக்காரர்கள் நடத்துவது அல்ல. 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையில் வந்த பெயர். விலை மலிந்த பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் ஓடச் செய்யும் ஏற்பாடு. வேலை நிற்காது, அவ்வளவுதான். அதையே காப்பு என்று நம்பியவன் நான்.

2021-இல் எங்களிடம் இரண்டு டிஸ்க் உள்ள சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. ஒன்றில் எழுதுவதெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் மற்றதிலும் பதிவாகும். இடம் போதவில்லை என்று பழையதை அழிக்க உட்கார்ந்தேன். ஒரே பெயரில் இரண்டு மணப்பெண்கள்; தவறான பெண்ணின் ஃபோல்டரை அழித்துவிட்டேன். கண்ணாடி என்ன செய்யும்? அந்த நொடியே அங்கும் அழிந்தது. எடிட் செய்த படத்தைத்தான் முன்பே கொடுத்துவிட்டோமே என்று நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் கடைக்கு வந்தாள். அப்பா தவறிவிட்டார். கல்யாணத்தன்று மேடையில் அவர் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசியிருந்தார். நாங்கள் எடிட்டில் அதன் மேல் பாட்டைப் போட்டு மூடியிருந்தோம். "பாட்டு இல்லாம அப்பா குரல் மட்டும் வேணும் அங்கிள்" என்றாள். அந்த இடத்தில் அதற்குள் எத்தனையோ கல்யாணங்கள் எழுதப்பட்டுவிட்டன. பழுது பார்ப்பவரும் கையை விரித்துவிட்டார். அவளிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இது. பெட்டிக்கென்று வைத்திருக்கும் பணத்தில் பாதியைத்தான் பெட்டிக்குச் செலவிட வேண்டும். மறுபாதி, அதோடு சேராமல் தனியாக இருக்கும் பிரதிகளுக்கு. நாலு டிஸ்க் பெட்டி எங்களுக்குப் போதும். 12 டி.பி. டிஸ்க் மூன்று போட்டு ரெய்ட் 5 முறையில் வைத்தால் 24 டி.பி. கிடைக்கும், நாலாவது இடம் பின்னால் ஆகும். இரண்டு பேர் உட்கார்ந்து எடிட் செய்ய சாதாரண கிகாபிட் கேபிளே தாராளம். ஒரு யு.பி.எஸ். அவசியம். வெளியூரிலிருந்தும் பார்க்கலாம் என்ற ஆசையில் பெட்டியை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். 2022-இல் டெட்போல்ட் என்ற திருட்டு மென்பொருள் க்யூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது.

பிரதி அதே அறையில் இருந்தாலும் பயனில்லை. 2005 ஜூலை 26 நம்மில் யாருக்கு மறக்கும்? சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. தரைத்தளத்தில் இருந்த என் கடையில் மினி டி.வி. கேசட்டுகள், அசலும் நகலுமாகச் சேர்ந்து மிதந்தன.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ தவறான கட்டளையைத் தட்ட, 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்கள் மளமளவென்று மறைந்தன. காப்புப் பிரதியைத் தேடினால் அது சரியாக வேலை செய்யவில்லை. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலின் சஸ்மன் என்ற பெண்மணியின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைக் கம்பளியில் சுற்றிக் காரில் கொண்டுவந்து படத்தைக் காப்பாற்றினார்கள்.

"கிளவுடில் போடலாமே" என்பார்கள். எங்கள் இணைப்பு நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் ஏற்றுகிறது. ஒரு கல்யாணத்துக்கு 30 மணி நேரம்! ரயிலில் திருநெல்வேலி போகும் நேரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மாத வாடகை வேறு. அதனால் ஒரு பிரதி செம்பூரில் இரண்டாம் மாடியில் உள்ள எங்கள் வீட்டில்; இன்னொன்று, யார் ஊருக்குப் போனாலும் அவர் பெட்டியில்.

வாடிக்கையாளர்களாக இருக்கும் அன்பர்களுக்கும் ஒன்று. எடிட் செய்த படத்தோடு நின்றுவிடாதீர்கள். டிஸ்க்குக்கான காசைக் கொடுத்து, வெட்டாத முழுப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். முகம் சுளிக்கும் ஸ்டுடியோக்காரர்களும் உண்டு. சுளிக்கட்டும்.

மகன் நாலு டிஸ்க் பெட்டிக்குச் சம்மதித்துவிட்டான். முதல் பிரதி போன வாரம் ஊர் போய்ச் சேர்ந்தது. "அண்ணே, இதுக்கு தினம் சார்ஜ் போடணுமா?" என்று தம்பி போனில் கேட்டான். வேண்டாம், மழை ஒழுகாத பக்கமாக அலமாரியில் வைத்துப் பூட்டு, கோயில் கொடைக்கு வரும்போது நானே திறந்து சரிபார்த்துக்கொள்கிறேன் என்றேன்.