இடி கேட்டா ஆளைக் கரையேத்துங்க

"வெயில் இந்தப் போடு போடுது, இடி எங்க விழப்போகுது?" வயக்காட்டுல சாதாரணமா கேட்கிற பேச்சு இது. இதை நம்பி நிக்கிறதுதான் ஆபத்து.

மின்னல் மேகத்துக்கு நேர் கீழேதான் இறங்கணும்னு இல்லை. மேகத்தோட உச்சியிலிருந்து கிளம்பி, பக்கவாட்டுல 15 கிலோமீட்டர் தாண்டிக்கூட வந்து, வானம் வெளுத்துக் கிடக்கிற இடத்துல இறங்கும். சித்திரை, வைகாசியில மேற்கு மூலை மட்டும் கறுத்திருக்கும். நம்ம தலைக்கு மேல சுள்ளுனு வெயில் அடிக்கும். மழை வந்தா எல்லாரும் ஒதுங்கிடுவோம். வெயில்ல யார் ஒதுங்குவா?

அதனால கண்ணை விட்டுட்டு காதை நம்பணும். இடிச்சத்தம் பெரும்பாலும் 15 கிலோமீட்டருக்குள்ளதான் கேட்கும். கேட்டுச்சுன்னா அடுத்த மின்னல் நம்மகிட்டயே விழலாம். "அர்ச்சுனா, அர்ச்சுனா"ன்னு சொல்லிட்டு களைக்கொத்தைத் திரும்ப எடுக்கக் கூடாது. தார்சுக் கட்டடத்துக்குள்ள போயிடணும். கண்ணாடி ஏத்தின காரும் பரவாயில்லை. மரத்தடி ஆகவே ஆகாது. மரத்துல இறங்கின மின்சாரம் தரையிலயும் பரவும். மரத்தடியில ஒதுங்கின ஆடுங்க கூட்டமா சாகிறது இதனாலதான். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சுத்தான் வெளியே வரணும்.

2022-ல மட்டும் இந்தியாவுல மின்னல் தாக்கிச் செத்தவங்க 2,887 பேர்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்லுது. உடனே எல்லாரும் விழிப்புணர்வு வேணும்பாங்க. மின்னலை முன்கூட்டியே சொல்ல 'தாமினி'ன்னு மத்திய அரசோட செயலியும் இருக்கு. நல்லதுதான். ஆனா களை எடுக்கிற அக்காவுக்கு இடி ஆபத்துன்னு தெரியாமலா இருக்கு? கரையேறினா கூலியில பிடிச்சுடுவாங்கன்னும் தெரியும். நடவைக் கொத்துக்கு எடுத்திருந்தா, அன்னைக்கு முடிச்சாதான் காசு. அதான் குனிஞ்ச தலை நிமிராம வேலை பார்க்கிறாங்க.

ஆக, முடிவு கூலி கொடுக்கிறவங்க கையில இருக்கு. "எல்லாரும் கரையேறுங்க, கூலி முழுசா உண்டு"ன்னு நிலத்துக்காரர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அரை மணி நேர வேலை போனா நாளைக்குப் பார்த்துக்கலாம்.

டவுன்ல இருக்கிற உங்கள்ல பல பேருக்கு ஊர்ல நிலம் இருக்கும். "மழைக்கு முன்னாடி முடிக்கச் சொல்லுங்க"ன்னு போன்ல சொல்றவங்களும் இருப்பீங்க. அடுத்த தடவை, "அங்க இடி சத்தம் கேட்குதா?"ன்னு முதல்ல கேளுங்க. கேட்குதுன்னா, வேலையை நிறுத்தச் சொல்லுங்க.