சோர்ந்தவருக்கு முதலில் அப்பம்

இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்து நான்கு வருடம் எழுத்தராக இருந்தவன். கோபத்தைக் கோப்புக் குறிப்பில் மட்டும் காட்டிப் பழகியவன்.

இத்தலாரில் எங்கள் வீட்டுக்குக் கீழ்வரிசையில் ஓர் அம்மா இருக்கிறார். கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, 1964-ஆம் வருடத்து சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, பெற்றோரோடு சிறுமியாகக் கப்பலேறி வந்தவர். டேன்டீயில் கொழுந்து பறித்தே ஓய்வு பெற்றார். கணவர் போய் இரண்டு வருடம். மகன் திருப்பூரில். இரண்டு முழங்காலும் வீங்கிக் கிடக்கின்றன; இந்த மேட்டில் ஏறி இறங்குவது என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "ஐயா, ஜெபம் பண்ண உக்காந்தா கண்ணு சொருகுது. வாயில ஒரு வார்த்தை வரமாட்டேங்குது."

அந்த வாரமே வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் ஜெபக்கூட்டம் நடத்த வந்தார். அம்மாவும் முன்னால் போய் இதையே சொல்லியிருக்கிறார். அவர் தலையில் கை வைத்து, மைக்கிலேயே, விசுவாசம் குறைந்தால்தான் சோர்வு வரும், சோர்வு சாத்தானுக்குத் திறந்த கதவு என்றாராம். அந்த ஞாயிறு முதல் அம்மா கோயிலுக்கு வருவதில்லை. "என்னால கர்த்தருக்குக் கெட்ட பேரு வேணாம் ஐயா" என்கிறார்.

அந்தப் பிரசங்கியார் எந்த வேதத்தை வாசிக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நான் வாசிக்கும் வேதத்தில், அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தில் எலியா இருக்கிறார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்த மனிதர். அடுத்த காட்சியில் ஈசபேலுக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். இதைவிடப் பெரிய சோர்வு உண்டா? கடவுள் என்ன செய்தார்? கண்டித்தாரா? விசுவாசம் எங்கே என்று விளக்கம் கேட்டு மெமோ அனுப்பினாரா? தூங்க விட்டார். தூதரை அனுப்பித் தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார். இரண்டாம் முறையும் அப்பம். பயணம் நீளம், இந்த உடம்பு தாங்காது என்பதுதான் தூதர் சொன்ன காரணம். (நாங்கள் வானதூதர் என்போம், சி.எஸ்.ஐ. நண்பர்கள் தேவதூதன் என்பார்கள். அப்பம் ஒன்றுதான்.) "நீ இங்கே என்ன செய்கிறாய்" என்ற கேள்வி நாற்பது நாள் கழித்து, ஓரேபு மலையில்தான் வருகிறது. அதன் பிறகு, கூட நடக்க எலிசா என்று ஓர் ஆளையும் கொடுத்தார்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். லிசியே ஊரின் புனித தெரேசா எங்களுக்கு அக்கா மாதிரி. அவருடைய 'ஓர் ஆன்மாவின் வரலாறு' புத்தகத்தைப் பள்ளி நாளிலேயே படித்தேன். அவரும் கர்மேல் சபைக் கன்னியர், எலியாவைத் தங்கள் தகப்பனாகக் கொண்டாடும் சபை. ஜெப நேரத்தில் தாம் தூங்கிவிடுவதை அவர் மறைக்கவில்லை; தூங்கும் பிள்ளையையும் பெற்றவர்கள் விழித்திருக்கும் பிள்ளையைப் போலத்தானே நேசிக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார். 1896 ஈஸ்டர் முதல், காசநோயில் 1897 செப்டம்பர் 30 அன்று இருபத்து நான்கு வயதில் இறக்கும்வரை, மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருட்டிலேயே கிடந்தார். அவரைத் திருச்சபை 1925-இல் புனிதராக்கியது. நமது பிரசங்கியார் கையில் கிடைத்திருந்தால் மேடைக்குக் கூப்பிட்டுப் பிசாசு ஓட்டியிருப்பார்.

தெற்கே வாருங்கள். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-இல் கீழே விழுந்தார். எத்தனை பேர் சுகம் கேட்டு ஜெபித்திருப்பார்கள்! 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். விசுவாசம் குறைவு என்று அவரிடம் போய்ச் சொல்ல யாருக்குத் துணிவு?

நம் மலையிலேயே கேத்தி இருக்கிறது. 1840களில் அங்கே வந்த பாசல் மிஷன்காரர்கள், மெட்ஸ் போன்றவர்கள், படகர் ஊர் ஊராக நடந்தார்கள். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. 1858-இல்தான் முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றார். அவர்கள் செய்தது சரியா என்ற விவாதம் வேறு, எனக்கே அதில் கேள்விகள் உண்டு. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் வெறுங்கையோடு இந்த மூடுபனியில் நடந்தவர்கள் தினமும் அல்லேலூயா பாடிக்கொண்டா நடந்திருப்பார்கள்?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உற்சாகமான கூட்டத்தில் எழுந்து நின்றவர்கள் உண்டு. குடியை விட்ட ஒருவரை எனக்கே தெரியும். பாட்டும் கைத்தட்டும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏசாயா 40-ஆம் அதிகாரத்தைக் காட்டி, கழுகு போல் பறப்பாய் என்று எல்லாரிடமும் சொல்கிறார்களே, அந்தக் கடைசி வசனத்தை முழுக்க வாசிக்கட்டும். முதலில் பறப்பது, பிறகு ஓடுவது, முடிவில் நடப்பது. அதற்கு முந்தின வசனமே வாலிபரும் களைத்துப்போவார்கள் என்று ஒத்துக்கொள்கிறது. பாபிலோனில் நாடிழந்து கிடந்த ஜனங்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. மூட்டு தேய்ந்த கிழவிக்கு நடக்க முடிந்தால் போதும்.

திருப்பாடல் 88-ஐயும் பாருங்கள் (என் பள்ளியில் இருந்த பழைய பிரெஞ்சு வேதாகமத்தில் எண் 87). இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. யாரும் அதைக் கிழித்துப் போடவில்லையே.

என் மனைவி பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தபோது என்னாலும் ஜெபிக்க முடியவில்லை. ஜெபமாலையைக் கையில் உருட்டுவேன், அவ்வளவுதான். வந்தவர்களில் பலர் வசனம் சொன்னார்கள். இந்தக் கீழ்வீட்டு அம்மாதான் ஒரு ராத்திரி கேழ்வரகுக் களியும் அவரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்து, "நீங்க சாப்பிட்டுப் படுங்க ஐயா, நான் அக்காவப் பாத்துக்கிறேன்" என்றார். ஐந்து மணி நேரம் தூங்கினேன். எலியா கதை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்தக் கையைத்தான் இப்போது விசுவாசம் இல்லாத கை என்கிறார்கள்.

நம் சபைகளுக்கு ஒன்று கேட்கிறேன். யாராவது சோர்ந்து வந்தால், முதலில் சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். பிறகு, தூங்கினீர்களா. பிறகு, டாக்டரிடம் போனீர்களா; மாதக்கணக்கில் மனம் இருண்டு கிடந்தால் அதற்கும் டாக்டர் உண்டு, வெட்கமில்லை. பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு வசனத்துக்கு நேரம் இருக்கும்.

வருகிற புதன்கிழமை காலை பஸ்ஸில் அம்மாவை ஊட்டி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம், மகளும் லீவு போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரச் சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை. மூட்டு ஒரு வழிக்கு வரட்டும்.