முதியோர் கூக்குரலும் மருந்தும்

மறதிநோய் முற்றிய முதியோர் சிலர் இரவெல்லாம் கூவுவதும் அடிக்க ஓங்குவதும் உண்டு. புதல்வர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கச் சென்றுவிட்ட தர்மபுரிச் சிற்றூர்களில், மாமியாரைத் தனித்துக் காக்கும் மருமகள் உறக்கமின்றி நலிந்து, அடக்கும் மருந்தை வேண்டுதல் குற்றமன்று. ஆயினும் ரிஸ்பெரிடோன் முதலிய மனநோய் மருந்துகள் இந்நோயினரின் மரண அபாயத்தை ஏறக்குறைய 1.6 மடங்காக்குவதை 17 சோதனைகளால் உணர்ந்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் 2005-இல் எச்சரித்தது. 2008-இல் ஹாலோபெரிடால் முதலிய பழைய மருந்துகளையும் அவ்வெச்சரிக்கையுட் சேர்த்தது.

கூக்குரல் பலகால் சொல்லிழந்தாரது மொழியேயாம். பசியோ, பல்வலியோ, மலச்சிக்கலோ, சிறுநீர்த் தொற்றோ என முதலில் ஆராய்தல் வேண்டும். தமக்கோ பிறர்க்கோ பெருந்தீங்கு நேருமிடத்து மட்டும், மருத்துவர் மேற்பார்வையில், சிற்றளவாய்ச் சில வாரங்களுக்கு மருந்தளித்தல் தகும். வீட்டார் தாமாகவே கூட்டலும் நிறுத்தலும் ஆகா. மருமகளுக்கு ஓரிரவேனும் துணையிருக்க உறவினர் முன்வருவாராயின், மருந்தின் தேவை பாதி குறையுமன்றோ?