மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?

"சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் மூளையில் கட்டி வருமாம். அதனால்தான் நிறுத்திட்டேன்."

மாமல்லபுரத்து நண்பர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதைச் சொன்னபோது அவர் காலில் சுண்டுவிரல் இல்லை.

அவருக்குப் பதினெட்டு வருஷத்துச் சர்க்கரை. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, வீட்டுக்குத் தெரியாமல் ஐந்து மாதம் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். ஒரு நாள் மத்தியான வெயிலில், கடற்கரைக் கோயில் பக்கம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார். பாதம் மரத்துப்போய் வருஷங்களாகிவிட்டதால் சூடு தெரியவில்லை. கொப்புளத்தைச் சாயந்திரம் மகள்தான் பார்த்தாள். சர்க்கரை நானூறுக்கு மேல். புண் ஆறவில்லை. செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து விரலை எடுத்தார்கள்.

அந்தச் செய்தியை அனுப்பியவருக்கு ஒரு விரலும் போகவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

நம்மில் பெரும்பாலோர் சாப்பிடுவது மெட்ஃபார்மின். ஐரோப்பாவில் 1957 முதல் புழக்கத்தில் இருக்கும் மருந்து இது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. இது மூளையில் கட்டியை உண்டாக்கும் என்று யாரும் நிரூபித்ததில்லை. மூளைக் கட்டி உள்ளவர்களுக்கு இதையே கொடுத்துப் பலன் உண்டா என்று ஆராய்ச்சிகூட நடந்திருக்கிறது!

ஆனாலும் என் நண்பரை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பயத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு.

2013 ஜூன் 18 அன்று மத்திய அரசு பியோகிளிடசோன் என்ற சர்க்கரை மாத்திரையைத் தடை செய்தது. மூத்திரப்பையில் புற்றுநோய் வரலாம் என்பது காரணம். பிரான்ஸ் 2011லேயே அதை நிறுத்திவிட்டது. இங்கே விலை மலிவு என்பதால் லட்சக்கணக்கானோர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அதில் ஒருவன். பேப்பரில் படித்துவிட்டு அன்று ராத்திரி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு என்ன ஆயிற்று? ஜூலை 31 அன்று தடையை நீக்கிவிட்டார்கள். 43 நாள்தான். முதல் மருந்தாகக் கொடுக்கக் கூடாது, மூத்திரப்பைப் புற்றுநோய் இருப்பவர்களுக்கும் முன்பு இருந்தவர்களுக்கும் கூடாது, மூத்திரத்தில் ரத்தம் போய் அதற்குக் காரணம் கண்டுபிடிக்காதவர்களுக்கும் கூடாது என்று பெட்டிக்குள் வைக்கும் சீட்டில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றார்கள். ஞாயமான முடிவுதான். சிலருக்குச் சிறிய ஆபத்து, பலருக்குப் பலன்.

ஆனால் அந்த எச்சரிக்கை யாருக்குப் போய்ச் சேர்ந்தது? மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்துப் பத்து மாத்திரை கொடுக்கிறார்கள். பெட்டி கடையிலேயே தங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் சீட்டு இங்கிலீஷில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில். டாக்டருக்கோ நமக்கு ஒதுக்க மூன்று நிமிஷம். "மூத்திரத்தில் ரத்தம் போனால் உடனே வாருங்கள்" என்று என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை.

சொல்ல வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டால், சொல்லக் கூடாதவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மூத்திரப்பையில் தொடங்கிய பேச்சு மூளைவரை ஏறியது இப்படித்தான்.

2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் மூலம் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம், கும்பிடுகிறேன். கூடவே ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு துண்டுச்சீட்டு, பெரிய எழுத்தில், தமிழில் வரட்டும். எதற்கு இந்த மாத்திரை, யார் சாப்பிடக் கூடாது, எந்த அறிகுறி வந்தால் ஓடிவர வேண்டும் என்று நாலு வரி போதும். கல்லில் எழுதி ஆயிரத்து முந்நூறு வருஷம் வைத்திருக்கிற ஊர்ப்பக்கம் இது. ஒரு காகிதத்தில் எழுத முடியாதா?

நம் வயதுக்காரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். சந்தேகம் வந்தால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் கேளுங்கள். அவர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். மருந்தால் கெடுதல் என்று தோன்றினால் 1800 180 3024 என்ற இலவச எண்ணில் நாமே அரசுக்குத் தெரிவிக்கலாம்.

நண்பர் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். அந்தச் செய்தி மட்டும் இன்னும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.