புயலும் பக்தியும்

அனுபவம் முற்றினால் நாஸ்திகனும் கோவிலுக்குப் போய்விடுவான் என்றொரு பேச்சு வெகுநாளாக நடமாடி வருகிறது. பட்டுக்கோட்டைத் தாலுகாவாசிகளுக்கு அனுபவத்தைப் பற்றி யாரும் போதிக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன், நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போயிற்று. பிள்ளையைப்போல் வளர்த்த மரங்கள்! மறுபடி கன்று வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு வருஷமாகும். அதன்பிறகு கோவிலுக்கு அதிகமாய்ப் போனவரும் உண்டு, போவதையே விட்டவரும் உண்டு. புயல் ஒன்றுதானே?

ஆகவே அனுபவம் தானாக எவனையும் ஆஸ்திகனாக்குவதுமில்லை, நாஸ்திகனாக்குவதுமில்லை. அதற்கு ஊரும் உறவும் முன்கூட்டியே தயாராய் வைத்திருக்கும் அர்த்தமே வேலை செய்கிறது. தோப்பு விழுந்தால், "குலதெய்வத்துக்குக் குறை வைத்தாய்" என்கிறார்கள். தப்பினால், "சாமி காத்தது" என்கிறார்கள். இரண்டுக்கும் சாமிக்கே வரவு எழுதும் கணக்கில் பற்று எழுத இடமேது?

இதே கடற்கரையில், 2004 டிசம்பர் 26-ல் வந்த சுனாமியில், வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. அதை அற்புதம் என்கிறார்கள். வெளியே நின்ற யாத்திரீகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்களே! அவர்களும் பக்தர்கள்தாம். செத்தவன் வந்து தன் அனுபவத்தைச் சொல்ல முடியாது. பிழைத்தவன் சொல்வதே ஊர் சுற்றுகிறது.

நிற்க, பெரியார் 1904-ல் காசியில் சாதியின் பேரால் சோறு மறுக்கப்பட்டு எச்சிலிலையில் பசியாறினார். அன்றே நாஸ்திகராகிவிட்டார் என்று நம்மவர்களில் சிலர் மேடையில் பேசுவது நமக்குச் சம்மதமில்லை. ஈரோடு திரும்பித் தேவஸ்தானக் கமிட்டியில் தலைமை வகித்தவர் அவர். 1925 மே மாதம் 'குடிஅரசு' தொடங்கியபோது அதைத் திறந்து வைத்தவர் ஞானியார் அடிகள் என்னும் சைவ மடாதிபதி! காசியில் தைத்த முள் இருபது வருஷம் உள்ளேயே உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. இடையில் 1924-ல் வைக்கத்தில், கோவிலைச் சுற்றிய தெருவில் சிலர் நடக்கவே கூடாதென்பதையும் கண்டார். காசியில் அதே பட்டினி கிடந்த மற்றவர்கள் "பூர்வ ஜென்ம வினை" என்று முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தூங்கினார்கள். பட்டினி வேறல்ல, கேட்ட கேள்விதான் வேறு.

ஆதலால் கடன் தொல்லையில் கோவில் படியேறும் தோப்புக்காரரை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். அவர் அர்ச்சனைச் சீட்டு வாங்குமுன் இதை மாத்திரம் மரியாதையாய்க் கேளுங்கள்: "ஐயா, கஜா வருமென்று முன்னாடியே சொன்னது யார்? கரையோர ஜனங்களை அன்றிரவு முகாமுக்குக் கூட்டிப் போனது யார்?"